கீன்: ஓர் இரவல் அழுகை

ஜே. எம். சிங் எழுதிய 'ரைடர்ஸ் டு தி ஸீ' நாடகத்தைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் கையெழுத்துப் பிரதியை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கடைசிப் பக்கங்களில், கடலில் செத்துப்போன கடைசி மகனின் உடலை வீட்டுக்குள் கொண்டுவந்து கிடத்துகிற இடத்தில், ஒரு மேடைக்குறிப்பு வருகிறது. வந்திருக்கும் பெண்கள் மெதுவாக அசைந்தபடி மெல்ல 'கீன்' செய்கிறார்கள் என்று. நண்பர் 'மெல்ல ஓலமிடுகிறார்கள்' என்று எழுதியிருந்தார். மெல்ல ஓலமிடுவது எப்படி என்று கேட்டேன். அவருக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. 'ஒப்பாரி வைக்கிறார்கள் என்று போட்டால் என்ன?' என்றேன். 'ஒப்பாரி என்றால் நம்மவர்கள் சிரித்துவிடுவார்கள்' என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஏன் சரி என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. அந்தத் தொந்தரவில் 'கீன்' என்கிற ஆங்கிலச் சொல்லின் பின்னால் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன். போன இடம் அகராதியைத் தாண்டியதாக இருந்தது.

1

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் கீன் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. உறவு மட்டும் இல்லை. ஒன்று நமக்குப் பழக்கமானது: கூர்மை, ஊக்கம், ஆவல். வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் தங்களுக்கு இருப்பதாக எழுதுகிற 'கீன் இன்ட்ரஸ்ட்' இதுதான். இது பழைய ஆங்கிலச் சொல். அங்கே இதற்குத் துணிந்த, வீரமான என்று பொருள். துணிவு என்று பொருள்படும் ஜெர்மன் 'க்யூன்' இதன் பங்காளி. வீரனின் குணமாக இருந்தது அவன் வாளின் குணமாகி, பிறகு புத்தியின் குணமாயிற்று.

இன்னொரு கீன் ஐரிஷ் மொழியிலிருந்து வந்த இரவல். 'கீன்' என்பது அங்கே வினை: இறந்தவருக்காக அழு, இறந்தவரைப் பாடு. அதிலிருந்து வருகிற பெயர்ச்சொல் 'கீன்ய'. பழைய ஐரிஷில் இதன் வடிவம் 'கோய்னித்' என்பதுபோல ஒன்று. வெல்ஷ் மொழியில் இதன் உறவுச்சொல் 'க்வின்'. இந்த வெல்ஷ் சொல்லின் பொருளைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குப் புலம்பல் என்றும் பொருள், குறைகூறுதல் என்றும் பொருள், நியாயஸ்தலத்தில் தொடுக்கும் வழக்கு என்றும் பொருள்.

அழுகையும் வழக்கும் ஒரே சொல்லில் இருப்பது கெல்டிக் மொழிகளின் விசித்திரமல்ல. ஆங்கிலத்தின் மற்ற அழுகைச் சொற்களையும் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் தெரியும். 'வெய்ல்' ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தது. 'ஐயோ' என்கிற வெறும் கூவலிலிருந்து பிறந்தது. 'ஹௌல்', லத்தீனிலிருந்து வந்த 'அல்யுலேட்' இரண்டும் ஒலிக்குறிப்புகள்; நாய்க்கும் ஆந்தைக்கும் மனுஷிக்கும் பொது. 'டர்ஜ்' தேவாலயத்துச் சரக்கு: இறந்தவர்களுக்கான ஜெபத்தில் வரும் ஒரு லத்தீன் வாக்கியத்தின் முதல் சொல், 'நடத்து' என்று ஆண்டவரை நோக்கிச் சொல்லப்படுவது, தேய்ந்து இப்படி ஆயிற்று. 'எலிஜி', 'திரெனடி' இரண்டும் கிரேக்கத்திலிருந்து வந்த படிப்பாளிகளின் சொற்கள். 'ப்ளெய்ன்ட்' மட்டும் வேறு கதை. அதன் மூலமான லத்தீன் வினைக்கு மார்பில் அடித்துக்கொள்ளுதல் என்று பொருள். அதே வேரிலிருந்து வந்தவர்தான் 'ப்ளெய்ன்டிஃப்'. நம் முன்சீப் கோர்ட்டுகளில் பிராது கொடுத்துவிட்டு வராந்தாவில் வாய்தாவுக்குக் காத்திருக்கும் வாதி, சொல்லின் வேரில் பார்த்தால், மாரடித்துக்கொள்கிறவர். 'க்ரை' என்பதைக்கூட, ரோமானியக் குடிமக்களை உதவிக்குக் கூப்பிடுதல் என்று பொருள்படும் ஒரு வினையோடு சேர்த்து வார்ரோ விளக்கியிருக்கிறான். அவன் சொன்ன வேர் சரியோ தவறோ, அவன் காதில் அழுகை யாரையோ கூப்பிடுவதாக விழுந்திருக்கிறது.

ஆக, அழுகை ஒரு காலத்தில் முறையீடு. கேட்பதற்கு ஒருவர் எதிரே இருக்கிறார் என்ற நம்பிக்கையோடு சொல்லப்பட்டது. பிறகு எங்கேயோ ஒரு இடத்தில் இரண்டும் பிரிந்துபோயின. முறையீடு ஆண்களோடு கோர்ட்டுக்குப் போயிற்று. சொல் கழன்ற சத்தம் மட்டும் பெண்களிடம் நின்றுவிட்டது. 'கீன்' ஆங்கிலத்துக்குள் வந்த கதை இந்தப் பிரிவினையின் கதைதான் என்று எனக்குப் படுகிறது.

2

ஐரிஷ் மரபில் முதல் கீன் ஒரு தெய்வத்தினுடையது. 'மோய் துரா யுத்தம்' என்ற பழைய கதையில் ப்ரீக் என்கிறவளின் மகன் ருவாடன், எதிரிக் கொல்லனைக் குத்தப் போய், குத்துப்பட்டு, தன் தகப்பனின் கண்முன் செத்து விழுகிறான். ப்ரீக் வந்து அழுகிறாள். அயர்லாந்தில் அழுகையும் அலறலும் கேட்டது அதுவே முதல் தடவை என்று கதை சொல்கிறது. அந்த இடத்தில் மூன்று வினைகள் வருகின்றன. அவள் மகனைக் 'கீன்' செய்தாள், தொடக்கத்தில் அலறினாள், முடிவில் அழுதாள். அலறலுக்கு ஒரு சொல், கண்ணீருக்கு ஒரு சொல், இரண்டையும் உள்ளடக்கிய காரியத்துக்கு வேறு ஒரு சொல். கீன் என்பது வெறும் அலறலுமில்லை, வெறும் கண்ணீருமில்லை. தொடக்கமும் முடிவும் வரிசையும் உள்ள ஒரு செயல். இதே ப்ரீக்தான், இரவில் ஒருவருக்கொருவர் சைகை காட்டிக்கொள்ளச் சீழ்க்கையைக் கண்டுபிடித்தவளும் என்று ஒரு வரி அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எழுதியவனுக்குக் கீன், சீழ்க்கையைப் போல, கண்டுபிடிக்கப்பட்ட ஒன்று. இயற்கையாக வந்ததல்ல.

பின்னாளைய நடைமுறை நமக்கு ஓரளவு தெரியும். இறந்தவரை வீட்டில் கிடத்தி இரவெல்லாம் விழித்திருப்பார்கள். அந்த விழிப்பில் கீன் சொல்லும் பெண்கள் உடலைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். சில சமயம் வீட்டுப் பெண்கள், சில சமயம் அதற்கென்றே பேர் வாங்கியவர்கள். பேர் வாங்கியவர்களுக்குப் பணமோ சாப்பாடோ விஸ்கியோ புகையிலையோ கிடைக்கும். முதலில் இறந்தவரைப் பெயரிட்டு, உறவு சொல்லி அழைக்கும் விளி. அடுத்து செய்யுள்: அவர் பிறந்த குலம், வீடு, கை தாராளம், குதிரையேற்றம், எப்படிச் செத்தார், யாரால் செத்தார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து எடுக்கும் 'கொல்' என்ற கூட்டழுகை. 'ஓகோன்' என்று நீளும் அந்த ஓசையைத்தான் வழியில் போகிற அந்நியன் கேட்டான். செய்யுள் அவன் காதில் ஏறவில்லை. ஏற அவனுக்கு மொழி தெரியாது.

அந்தச் செய்யுளுக்கு ஒரு யாப்பு உண்டு. 'ரோஸ்க்' என்பார்கள். இரண்டு மூன்று அழுத்தங்கள் கொண்ட குட்டை வரிகள்; ஒரு பத்தியிலுள்ள வரிகளின் இறுதியில் எல்லாம் ஒரே உயிரோசை. பத்திக்கு இத்தனை வரி என்ற கட்டு கிடையாது. மூச்சும் சங்கதியும் உள்ளவரை போகலாம். உடல் எதிரே கிடக்கும்போது, ஏட்டையும் எழுதுகோலையும் தொடாமல், அந்த இடத்திலேயே கட்டுவதற்கென்று உருவான வடிவம் இது. எதிரே இன்னொருத்தி இருந்தால் அவளுக்குப் பதிலும் சொல்லலாம். மாமியாரும் மருமகளும், பெண்டாட்டியும் நாத்தியும் பிணத்தின் மேல் கவிதையில் சண்டை போட்டுக்கொண்டதுண்டு.

வேற்று மனிதர்களில் இதைச் சரியாகக் கேட்டவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது. அவரும் ஆக்கிரமிப்பாளர்களோடு வந்தவர். வேல்ஸ் நாட்டு ஜெரால்ட், 1188 வாக்கில் முடித்த தன் அயர்லாந்து நூலில், ஐரிஷ்காரர்கள் சாவழுகையோடு இசையைக் கலக்கிறார்கள் என்று குறித்தார். அது துக்கத்தைக் கூர்மைப்படுத்தவும் செய்கிறது, ஒருவேளை ஆற்றவும் செய்கிறது என்றார். ஐரிஷ்காரர்களைப் பற்றி அவர் நல்லதாகச் சொன்னவை மிகக் குறைவு. ஆனால் காது இருந்தது.

3

அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் காது இல்லை, அல்லது அடைத்துக்கொண்டார்கள். 1577இல் வெளியான ஹாலின்ஷெட் வரலாற்றுத் தொகுப்பில் அயர்லாந்தைப் பற்றி எழுதிய ரிச்சர்ட் ஸ்டானிஹர்ஸ்ட், சவ ஊர்வலத்தில் போடும் கூச்சலைப் பற்றிச் சொல்லிவிட்டு, 'ஐரிஷ் அழுகை அழுதல்' என்ற பழமொழி இதிலிருந்து வந்திருக்கும் என்கிறார். பொய்யாக அழுவது என்று பொருள். ஸ்டானிஹர்ஸ்ட் டப்ளினில் பிறந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அழுகையைத்தான் அவர் இப்படிக் கேட்டார். தமிழில் 'கூலிக்கு மாரடிப்பது' என்கிறோமே, அதேதான். ஊரெங்கும் இதே கதை போலும்: துக்கத்தை ஒரு கலையாகப் பயின்றவளுக்குக் கூலி கொடுத்துவிட்டு, கூலி வாங்கினாள் என்பதாலேயே அவள் துக்கம் பொய் என்று தீர்ப்பும் சொல்லிவிடுவது. கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் சம்பளம் வாங்கினார் என்பதால் அவர் வாசித்த கல்யாணி பொய் என்று யாரும் சொல்வதில்லை.

எட்மண்ட் ஸ்பென்ஸர், நாம் பாடப்புத்தகத்தில் படித்த அதே கவி, அயர்லாந்தில் நிலம் பெற்றுக் குடியேறியவர். 1596 வாக்கில் அந்த நாட்டை அடக்குவது எப்படி என்று ஒரு உரையாடல் எழுதினார். அதில் இந்தச் சாவழுகை நாகரிகமற்ற சிதியர்களிடமிருந்து வந்தது என்பதற்கான சான்றுகளில் ஒன்று. பார்னபி ரிச் என்ற சிப்பாய் எழுத்தாளர் 1617இல் போட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே 'ஐரிஷ் ஹப்பப்' இருக்கிறது. இரைச்சல், அமளி என்று இன்று ஆங்கிலத்தில் வழங்கும் 'ஹப்பப்' ஐரிஷ் கூவலிலிருந்து எடுத்த சொல். பேசுகிறவன் மொழி புரியாவிட்டால் அவன் பேச்சு இரைச்சல். அந்த இரைச்சலுக்கு அவனிடமிருந்தே ஒரு சொல்லை வாங்கிக்கொள்வது ஆட்சியாளர்களின் சிக்கனம்.

எதிர்ப்பு ஆங்கிலேயர்களிடமிருந்து மட்டும் வந்தது என்று சொன்னால் அது தேசபக்தர்களின் சரித்திரமாகிவிடும். கத்தோலிக்கத் திருச்சபை 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சபை கூட்டி இதைத் தடுத்துக்கொண்டே இருந்தது. 1631இல் டூவம் சபை. 1670இல் இன்னொரு சபை, கீன் சொல்லும் பெண்களின் கூச்சலை ஒழிக்கப் பங்குக் குருக்கள் முழுமூச்சாக முயலவேண்டும் என்று கட்டளையிட்டது. 1800இலும் சட்டம் போடவேண்டி வந்தது. ஒரே தடையை இத்தனை முறை போடவேண்டியிருந்தது என்றால் அதை யாரும் மதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். மறுமையில் நம்பிக்கையுள்ளவன் இப்படி அழலாமா என்பது சபையின் கேள்வி. அதன் அடியில் இன்னொரு கேள்வியும் இருந்தது: சாவு வீட்டில் கடைசி வார்த்தை யாருடையது? குருவினுடையதா, இந்தக் கிழவியினுடையதா? சவத்தோடு வண்டியில் போன பெண்களைக் குரு சாட்டையால் அடித்து விரட்டியதாகவும், அடிபட்டவள் அங்கேயே அவர்மேல் செய்யுள் கட்டித் திருப்பிக் கொடுத்ததாகவும் வாய்மொழிக் கதைகள் இருக்கின்றன. கதை நடந்ததா இல்லையா என்பதைவிட, ஜனங்கள் எந்தக் கடைசி வார்த்தையைக் காப்பாற்றி வைத்தார்கள் என்பது முக்கியம்.

4

அப்படிக் காப்பாற்றப்பட்டதில் மிகப் பெரியது ஒன்று உண்டு. 1773 மே 4ஆம் தேதி, கார்க் மாவட்டத்தில் காரிகனிமா என்ற ஊரருகே ஆர்ட் ஓ லேரி சுட்டுக் கொல்லப்பட்டான். வயது 26. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேஸாவின் படையில் ஹங்கேரியக் குதிரைப்படைக் கேப்டனாக இருந்துவிட்டுத் திரும்பியவன். சொந்த நாட்டில் கத்தோலிக்கன் படைப் பதவி வகிக்க முடியாத காலம். கத்தோலிக்கனிடம் ஐந்து பவுனுக்கு மேல் மதிப்புள்ள குதிரை இருக்கக்கூடாது என்பது சட்டம். எந்தப் புராட்டஸ்டன்டும் ஐந்து பவுனை நீட்டி அதை வாங்கிக்கொள்ளலாம். மாவட்ட ஷெரீஃபாக இருந்த ஏப்ரகாம் மாரிஸ், ஆர்ட்டின் பெண்குதிரைக்கு அப்படி ஐந்து பவுனை நீட்டியதாகவும், ஆர்ட் மறுத்ததாகவும், அதனால் சட்டத்துக்குப் புறம்பானவனாக அறிவிக்கப்பட்டுக் கொல்லப்பட்டதாகவும் கதை வழங்குகிறது. அந்த ஆண்டே மாரிஸ் விசாரிக்கப்பட்டான். விடுதலையானான்.

ஆர்ட்டின் மனைவி ஐலீன் டுவ் நீ கொனல், டெர்ரினேனைச் சேர்ந்த ஓ'கானல் குடும்பத்துப் பெண். பின்னாளில் கத்தோலிக்கர்களின் தலைவராக வந்த டேனியல் ஓ'கானலின் அத்தை. பிறந்த வீட்டின் சம்மதமில்லாமல் ஆர்ட்டைக் கட்டிக்கொண்டவள். ரத்தக் கறையோடு குதிரை தனியாக வாசலுக்கு வந்தபோது அவள் அதில் ஏறிப் போய் உடலைக் கண்டாள் என்று அவள் கீனே சொல்கிறது. 'ஆர்ட் ஓ லேரியின் கீன்ய' என்ற பெயரில் இன்று அச்சில் இருக்கும் அந்த நெடிய பாட்டு அங்கே தொடங்கி, விழிப்பில் தொடர்ந்து, வேறிடத்தில் புதைத்த உடலைப் பின்னால் கில்கிரே மடத்தின் இடிபாட்டுக்குக் கொண்டுபோன இரண்டாவது அடக்கத்தில் முடிகிறது என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்வது.

அதில் என்ன இருக்கிறது? சந்தையில் அவனை முதலில் கண்ட நாள் இருக்கிறது. அவன் கொண்டுபோய் வைத்த வீட்டின் அறைகளும் அடுப்பும் இறைச்சியும் இருக்கின்றன. செத்தவனின் ரத்தத்தைக் கையில் அள்ளிக் குடித்தது இருக்கிறது. விழிப்பு இரவில் படுத்துத் தூங்கினாள் என்று நாத்தி சுமத்தும் பழியும், குழந்தைகளைத் தூங்கவைக்கப் போனேன் என்று இவள் சொல்லும் பதிலும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக மாரிஸின் பெயர் இருக்கிறது, சாபத்தோடு. கோர்ட்டு விட்டுவிட்ட பெயரைக் கவிதை விடவில்லை. க்வின் என்ற வெல்ஷ் சொல்லில் ஒன்றாக இருக்கும் இரண்டு பொருளும் இங்கே ஒரே மூச்சில் கேட்கின்றன. இது அழுகை. இதுவே பிராதும்.

நமக்கு உடனே கண்ணகி நினைவுக்கு வருவாள். வரட்டும். ஆனால் பண்டிதர்களைப் போல இரண்டையும் ஒட்டி ஒரு கட்டுரை செய்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. கண்ணகிக்கு எதிரே ஒரு அரசன் இருந்தான், கேட்டான், தான் தவறியது தெரிந்ததும் உயிரை விட்டான். ஐலீனுக்கு எதிரே இருந்த அரசாங்கம் கேட்கவே இல்லை. கேட்டவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். அவர்கள் வாயில்தான் பாட்டு உயிரோடு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் மில்ஸ்ட்ரீட் வட்டாரத்தில் கீன் சொல்வதையே தொழிலாகக் கொண்ட நோரி சிங்கிள்டன் என்ற பெண் சொல்லக் கேட்டு எழுதப்பட்டதுதான் நமக்குக் கிடைத்த முக்கிய வடிவம். 'கூலிக்கு மாரடிக்கிறவள்' காப்பாற்றினாள். 1892இல்தான் அது முதன்முதலாக அச்சேறியது, கொலை நடந்து நூற்றுப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. ஐலீனின் மருமகன் டேனியல் ஓ'கானலோ, ஐரிஷ் மொழி மறைந்துவருவதில் தனக்கு வருத்தமில்லை, ஆங்கிலம் அதிகப் பயனுள்ளது என்று சொன்ன காரியவாதி.

5

இந்தச் சொல் ஆங்கிலத்தில் வேர்கொண்டது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். தடுத்தவர்களும் பரிகசித்தவர்களும் ஓய்ந்து, சேகரிப்பவர்கள் வந்த காலம். கார்க் நகரத்துக்காரரான க்ராஃப்டன் க்ரோக்கர் 1844இல் 'தென் அயர்லாந்தின் கீன்' என்று ஒரு தொகுப்பு போட்டார். தலைப்பில் கீன் இன்னும் பாட்டாகவே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஆனால் அதற்குள் இருந்தது ஆங்கிலம்.

மறு ஆண்டு உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. 1845 முதல் 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். மிக அதிகமாக அடிபட்டது ஐரிஷ் பேசிய ஏழை ஜனங்கள்தான். அடிப்பலகை கீல் வைத்த சவப்பெட்டி என்று ஒன்று அப்போது வந்தது. குழிமேல் வைத்து அடியைத் திறந்துவிட்டு, பெட்டியை அடுத்த பிணத்துக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட அடக்கத்தில் யார் விழித்திருப்பது, யாரைப் பற்றி எதைச் சொல்வது? கீனுக்கு ஒரு உடலும் ஒரு பெயரும் ஒரு இரவும் வேண்டும். பஞ்சம் அந்த மூன்றையும் பிடுங்கிக்கொண்டது. அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறவர்களுக்காக முந்தின இரவு விழித்திருந்து, உயிரோடிருக்கிற மகனையும் மகளையும் கீன் செய்து அனுப்பிய வழக்கமும் உண்டு. 'அமெரிக்க விழிப்பு' என்று அதற்குப் பெயர். திரும்பி வரமாட்டார்கள் என்பது தாய்களுக்குத் தெரிந்திருந்தது.

சிங் 1898இல் அரான் தீவுகளுக்குப் போனபோது வழக்கம் அந்த மாதிரி ஓரங்களில்தான் மிச்சமிருந்தது. ஐரிஷ் தெரிந்தவர். ஒரு கிழவியின் அடக்கத்தை அவர் 'அரான் தீவுகள்' புத்தகத்தில் எழுதியிருக்கிறார். பெண்கள் முறை வைத்து ஒவ்வொருத்தியாகப் பாட்டைத் தலைமையேற்று நடத்துவதும், தனி ஒரு சாவுக்கான துக்கத்தைத் தாண்டி அந்தத் தீவுவாசிகளின் உள்ளே கிடக்கும் ஆங்காரமெல்லாம் அதில் வெளிப்படுவதும் அவருக்குக் கேட்கிறது. பேகன் அழுகையில் கரகரத்த குரல்களே சற்று நேரத்தில் கத்தோலிக்க ஜெபத்தையும் சொல்வதை ஒரு சிறு நகைமுரணோடு பார்க்கிறார். ஆனால் அந்த இடத்தில் பெண்கள் என்ன சொல்லி அழுதார்கள் என்பது இல்லை. ஓசை இருக்கிறது, சொல் இல்லை.

இதை அவருடைய குறை என்று சொல்லிவிட்டுப் போகலாம். 1904இல் மேடையேறிய நாடகத்தைப் படிக்கும்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. மேடையின் பின்புறத்தில் பெண்கள் மெல்லக் கீன் செய்துகொண்டிருக்க, முன்னால் மௌரியா பேசுகிறாள். மாமனார், கணவன், ஆறு பிள்ளைகள் என்று கடல் கொண்டுபோனவர்களைப் பேர் சொல்லி, யார் எப்படிப் போனார்கள், யார் உடல் கிடைத்தது, யாருடையது கிடைக்கவில்லை என்று கணக்குச் சொல்கிறாள். பேச்சு வசனம்தான். ஆனால் அது செய்யும் வேலை கீனின் செய்யுள் செய்கிற வேலை. சிங் பிரித்துவிட்டார்: ஓசையை மேடைக்குறிப்புக்கும் சொல்லை மௌரியாவுக்கும் கொடுத்தார். பிரித்ததை ஒரே மேடையில் ஒரே நேரத்தில் நிறுத்தியும் வைத்தார். மேடைக்குறிப்பை மட்டும் பார்த்து அகராதி எழுதினால் கீன் என்பது சத்தம். நாடகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை.

அகராதிகள் மேடைக்குறிப்பின் பக்கம் போயின. 20ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் காற்று கீன் செய்கிறது, நாய் கீன் செய்கிறது, கப்பலின் கயிறு கீன் செய்கிறது. அதே சமயம் ஐலீனின் பாட்டை மொழிபெயர்த்தவர்கள் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள். ஃப்ராங்க் ஓ'கானர் 1940இல், ஐலீஷ் டில்லன் 1971இல், தாமஸ் கின்ஸெல்லா 1981இல் — மூவருக்குமே அது 'லமென்ட்'. கவிதை என்று ஒப்புக்கொண்டவுடன் லத்தீன் சொல்லைப் போர்த்திவிடுகிறார்கள். சத்தமாக இருக்கும்வரை கீன், இலக்கியமானால் லமென்ட். இவர்கள் மூவரும் ஐரிஷ்காரர்கள், மூலத்தை நேசித்தவர்கள் என்பதால் இதைச் சதி என்று சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் அதற்குள் அவ்வளவு காலியாகிவிட்டது என்பதுதான் விஷயம்.

1950களில் ஒலிப்பதிவுக் கருவியோடு போனவர்களுக்குச் சில நிமிஷங்கள் கிடைத்தன. பல கிழவிகள் பாட மறுத்தார்கள். பிணம் இல்லாமல் கீன் சொல்வது ஆகாது, சொன்னால் சாவைக் கூப்பிட்டதாகிவிடும் என்றார்கள். அவர்களைவிடக் கறாரான அழகியல்வாதிகளை நான் பார்த்ததில்லை. கலை நிகழ வேண்டிய இடத்தில் மட்டுமே நிகழவேண்டும் என்பதை நாம் தத்துவமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் வாயை மூடிக்கொண்டு நிரூபித்தார்கள்.

மீட்பும் நடந்தது. 1961இல் ஷான் ஓ டூமா ஐலீனின் பாட்டுக்கு நல்ல பதிப்புக் கொண்டுவந்தார். 1984இல் பீட்டர் லீவி ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராகப் பதவியேற்ற உரையில், 18ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவுகளில் இயற்றப்பட்ட கவிதைகளுள் இதுவே மிகப் பெரியது என்றார். ஆங்கிலத்தில் எழுதிய அத்தனை பெயர்களையும் ஒரு பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்ன வார்த்தை அது. இதெல்லாம் மரபான சூத்திரங்களின் கோவை, தனிக் கவி என்று யாருமில்லை என்ற வாதமும் உண்டு. பெண்கள் கட்டிய கவிதையில் மட்டும் கலையை மரபுக்கும் உணர்ச்சியை அவர்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது ஏன் என்று ஏஞ்சலா பர்க் போன்றவர்கள் கேட்ட பிறகு அந்த வாதம் பழைய தெம்போடு இல்லை. 2020இல் டோரின் நீ கிரீஃபா என்ற கவிஞர், ஐலீனின் வாழ்க்கைத் தடயங்களைத் தேடிப் போவதையே ஒரு உரைநடை நூலாக எழுதினார். பிள்ளைகளுக்குப் பாலூட்டிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் நடுவில் தேடிய தேடல் அது. பாட்டு மறுபடியும் ஒரு பெண்ணின் வாயிலிருந்து இன்னொருத்தியின் வாய்க்குப் போயிருக்கிறது.

6

நண்பருடைய பிரச்னைக்கு வருகிறேன். 'ஒப்பாரி' என்றால் ஏன் சிரிப்பார்கள்?

அந்தச் சொல்லிலேயே ஒப்பு இருக்கிறது. இறந்தவரை ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்லி அழுவது. உவமை தேடுகிற வேலை நடக்கிறது என்று சொல்லே சாட்சி சொல்கிறது. பிலாக்கணமும் சத்தத்தின் பெயர் அல்ல. ஆனாலும் 'பிலாக்கணம் பாடாதே', 'ஒப்பாரி வைக்காதே' என்று வீட்டில் குழந்தையை அதட்டுகிறோம். அதட்டல் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நம் விமர்சனத்துக்குள்ளும் அது வந்துவிட்டது. கட்டுப்பாடில்லாத, அசட்டு உணர்ச்சியுள்ள, வடிவமற்ற எழுத்து எதிரே வந்தால் நமக்குக் கைக்கெட்டுகிற வசவு 'ஒப்பாரி'. ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதியபோது நானும் இந்தச் சொல்லை இதே அர்த்தத்தில் வீசியிருக்கிறேன். அந்தத் தொகுப்பு மோசமானதுதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அது ஒப்பாரி அல்ல. ஒப்பாரியில் விளி இருக்கும், பேர் இருக்கும், ஒப்புமை இருக்கும், முறைப்பாடு இருக்கும், சொல்கிறவளுக்கு எதிரே ஒரு உடல் கிடக்கும். அந்தத் தொகுப்பில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஸ்டானிஹர்ஸ்ட் டப்ளினில் உட்கார்ந்துகொண்டு செய்ததையே நான் செய்திருக்கிறேன், அதுவும் மொழி தெரிந்தே.

ஆங்கிலத்துக்கு ஒரு சாக்கு உண்டு. அது இரவல் வாங்கிய சொல்லைக் காலியாக்கியது. நாம் காலியாக்கியது நம் வீட்டுச் சொல்லை.

நண்பரின் பிரதியில் அந்த வரி இப்போது 'பெண்கள் மெல்ல அசைந்தபடி ஒப்பாரி சொல்கிறார்கள்' என்று இருக்கிறது. 'வைக்கிறார்கள்' என்று நான் சொன்னதை அடித்துவிட்டு அவர்தான் 'சொல்கிறார்கள்' என்று மாற்றினார். அது என் திருத்தத்தைவிட நல்ல திருத்தம். சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்றார்.